கருவேலம் என்றொரு கப்பல்: பேரேரிக் கரையில் ஆறு நாள்

நாள் 1: மினியாப்பொலிஸ் – டுலூத்

மாமா அமெரிக்கா வந்து மூன்று மாதமாகிறது. மால், கோயில், காஸ்ட்கோ என்று நாங்கள் காட்டக்கூடியதெல்லாம் முதல் மாதத்திலேயே தீர்ந்துபோயிற்று. அதற்கப்புறம் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் யூடியூப். தூத்துக்குடியில் துறைமுக வேலையில் முப்பத்து மூன்று வருடம் இருந்த மனிதர். அதில் பாதிக்கு மேல் மிதவை வேலை. கப்பல் வரும் வழியைக் காட்ட மிதவை போடுவது, எடுப்பது, சுரண்டுவது, பெயின்ட் அடித்துத் திரும்பப் போடுவது. அப்படிப்பட்டவரைப் புல்வெளிக்கு நடுவில் உட்காரவைத்தால் என்ன ஆகும்?

போன வாரம் சாப்பிடும்போது கேட்டார். "மாப்ள, இங்கன மிதவை போடுற கப்பல் எதுவும் பாக்க முடியுமா?"

தேடினேன். மிச்சிகன் மாநிலத்தில் மானிஸ்டீ என்ற ஊரில் கடலோரக் காவல் படையின் பழைய மிதவைக் கப்பல் ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது, பெயர் அகேஷியா என்றேன். "அகேஷியான்னா நம்ம கருவேலம்லா?" என்றார். சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டார். அத்தோடு பயணம் முடிவாகிவிட்டது. மனைவிக்கு லீவு இல்லை. மாமனாரும் மருமகனும் ஆறு நாள் ஒரே காரில். நண்பர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் வாழ்த்தினார்கள்.

மானிஸ்டீக்கு நேராகப் போகலாம். ஆனால் அந்தக் கப்பல் பிறந்தது டுலூத்தில். எனவே பிறந்த ஊரிலிருந்து தொடங்கி சுற்றிப் போவதாகத் திட்டம்.

மினியாப்பொலிஸிலிருந்து இரண்டரை மணி நேரம். டுலூத்துக்குச் சற்று முன்னால் மேட்டில் ஏறினால் திடீரென்று சுப்பீரியர் ஏரி. "ஏரியா இது?" என்று மாமா இரண்டு முறை கேட்டார். எதிர்க்கரை தெரியவில்லை. அலை அடிக்கிறது. கால்வாய்ப் பக்கம் காரை நிறுத்தியதும் நேரே கல்லில் இறங்கிப் போய், ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார்.

"உப்பே இல்ல மாப்ள." குரலில் ஏமாற்றமா, பொறாமையா, தெரியவில்லை. "அப்போ இவனுகளுக்குக் கொட்டலசு தொல்லையே கிடையாது. துருவும் கம்மி. குடுத்து வச்சவனுக." கொட்டலசு என்பது கடலில் கப்பலிலும் மிதவையிலும் அப்பிக்கொள்ளும் ஓட்டுயிரி.

இந்த ஊரில்தான் 1942 முதல் 1944 வரை, மூன்று வருடத்துக்குள், 180 அடி நீள மிதவைக் கப்பல்கள் வரிசையாகக் கட்டப்பட்டன. மொத்தம் 39. அதில் அயர்ன்வுட் என்ற ஒன்றை மட்டும் மேரிலாந்தில் கடலோரக் காவல் படையின் சொந்தப் பட்டறையில் கட்டினார்கள். மீதி 38-ம் டுலூத்தின் இரண்டு பட்டறைகளில் பிறந்தவை. மரைன் அயர்ன், ஜெனித் டிரெட்ஜ். நம் அகேஷியா ஜெனித் டிரெட்ஜின் பிள்ளை. 1944 ஜனவரி 16 அன்று அடிக்கட்டை போட்டார்கள், ஏப்ரல் 7 அன்று தண்ணீரில் இறக்கிவிட்டார்கள், செப்டம்பர் 1 முதல் பணி. ஜனவரியில் டுலூத் குளிர் எப்படி இருக்கும் என்று மாமாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. தாடியில் பனி உறையும். அந்தக் குளிரில் இரும்பை வளைத்து, மூன்று மாதத்துக்குள் ஒரு கப்பலைத் தண்ணீரில் தள்ளியிருக்கிறார்கள். போர்க்காலம்.

பெயர்கள்தான் வேடிக்கை. அமெரிக்காவில் கலங்கரை விளக்குகளைப் பார்த்துக்கொண்ட தனித் துறை 1939-இல் கடலோரக் காவல் படையோடு சேர்க்கப்பட்டது. அந்தத் துறைக் கப்பல்களுக்கு மரம் செடி கொடிப் பெயர் வைக்கும் வழக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. நான் பட்டியலை வாசிக்க வாசிக்க மாமா போட்டோ கேட்டார். கேக்டஸ் கள்ளி. பிராம்பிள் முட்புதர். பிளாக்தார்ன் பெயரிலேயே முள். சன்டியூ, பூச்சி பிடித்துத் தின்னும் செடி. அகேஷியாவுக்கே முதலில் வைத்த பெயர் திஸில், அதுவும் முள்செடிதான். பிறகு மெஸ்கீட் என்று ஒன்று வந்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தவர் பெஞ்சிலிருந்து எழுந்தேவிட்டார்.

"மாப்ள, இது நம்ம வேலிக்கருவை! சீமைக் கருவேலம்! இதுக்கா கப்பல் விட்டுருக்கானுவ?"

அதே குடும்பம்தான். நம் ஊரில் கோர்ட்டு வரைக்கும் போய், வேரோடு பிடுங்கச் சொன்ன மரம். இங்கே அரசாங்கக் கப்பலுக்குப் பெயர். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அந்தச் சீமைக் கருவேலத்துக்கு என்ன ஆனது என்பது நாளைய கதை என்று சொல்லி நிறுத்தினேன். மாமாவுக்கும் அதே பதில்தான்.

இருட்டும் நேரத்தில் தூக்குப் பாலம் மேலே ஏறியது. இரும்புத்தாது ஏற்ற ஒரு நெடுங்கப்பல் ஹாரன் அடித்துக்கொண்டே கால்வாய்க்குள் வந்தது. பாலமும் பதில் ஹாரன் அடித்தது. கூட்டமே கப்பலைப் பார்க்க, மாமா மட்டும் கால்வாயின் இரண்டு பக்க விளக்குகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எல்லாம் மாத்தி வச்சிருக்கான்."

உண்மைதான். துறைமுகத்துக்குள் நுழையும்போது நம் ஊரில் சிவப்பு இடக்கைப் பக்கம், பச்சை வலக்கைப் பக்கம். அமெரிக்காவில் நேர் எதிர். சிவப்பு வலக்கைப் பக்கம். 1980-இல் உலக நாடுகள் உட்கார்ந்து பேசியும் ஒரே முறைக்கு வர முடியாமல், ஏ மண்டலம், பி மண்டலம் என்று பூமியை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியா ஏ. அமெரிக்கக் கண்டங்களும் ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸும் பி. காரை வலது பக்கம் ஓட்டுவதையே இன்னும் ஏற்றுக்கொள்ளாத மாமாவுக்கு இது இரண்டாவது அடி.

நாள் 2: டுலூத் – காப்பர் ஹார்பர்

ஐந்து மணி நேர ஓட்டம். விஸ்கான்சினைத் தாண்டி மிச்சிகனின் மேல் தீபகற்பம். ஏரிக்குள் விரல் நீட்டியது போல ஒரு நிலம், பெயர் கீவினா. ஒரு காலத்தில் செம்புச் சுரங்கங்களால் கொழித்த பகுதி. கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளிகள் விட்டுப்போன பேஸ்டி இன்றும் இங்கே சாப்பாடு. உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து மடித்துச் சுட்டது. "சோமாஸுக்கு அண்ணன்" என்றார் மாமா. காரம் போதவில்லை என்று பையிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்தார். நல்லெண்ணெய் பாட்டிலும் வந்தது.

காப்பர் ஹார்பருக்கு அப்பால் தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் 41-ஆம் எண் நெடுஞ்சாலை இங்கே தொடங்கி மயாமி வரை போகிறதாம். அந்தப் பலகைக்கு முன்னால் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப் பக்கம்தான் கீவினா முனை. அங்கேதான் மெஸ்கீட் போனது.

சுப்பீரியர், மிச்சிகன் போன்ற இந்தப் பேரேரிகள் குளிர்காலத்தில் உறையும். உறைந்த பனிப்பாளம் காற்றில் நகரும்போது மிதவையை இழுத்துக்கொண்டு போகும், விளக்கை நசுக்கும், சிலவற்றை அமுக்கி மூழ்கடிக்கும். அதனால் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வழிகாட்டிகளை எடுத்தோ மாற்றியோ ஆக வேண்டும். பனி விலகியதும் வசந்தத்தில் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். மிதவைக் கப்பலின் வருடம் என்பது இதுதான். நட்டதைப் பிடுங்கி, பிடுங்கியதை நட்டு. நாற்று வேலை மாதிரி. அறுவடை மட்டும் கிடையாது.

1989 டிசம்பரில் சன்டியூ பழுதுபார்ப்புக்குப் போயிருந்தது. அதன் பங்கு மிதவைகளையும் மெஸ்கீட் எடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பர் 4, அதிகாலை. கீவினா முனையில் பாறைத்திட்டு இருப்பதை எச்சரிக்கும் மிதவையைத் தூக்கி மேல்தளத்தில் வைத்துக்கொண்டார்கள். கிளம்பினார்கள். 2 மணி 10 நிமிடத்துக்கு அதே பாறையில் கப்பல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

எச்சரிக்கை தளத்தில் படுத்திருக்கிறது. பாறை அடியில்.

மாமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எடுத்த உடனே அந்த இடத்துல ஒண்ணும் இல்லாத மாதிரி தோணிரும் மாப்ள. ராத்திரி வேற. களைப்பு வேற. மிதவை இருந்தாத்தான் பாறை இருக்குன்னு மனசு நெனைக்கும்." அந்த இரவின் கேப்டனுக்காக அவர் வாதாடவில்லை. குற்றமும் சொல்லவில்லை. தன் அனுபவத்தில் இருந்து எதையோ தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அலை கப்பலைத் தூக்கித் தூக்கிப் பாறையில் போட்டது. தண்ணீர் உள்ளே வந்தது. நாலு மணி நேரம் போராடிவிட்டு, 6.17-க்குக் கப்பலைக் கைவிட்டார்கள். 53 பேர். சுப்பீரியர் ஏரி, டிசம்பர், விடியாத நேரம். அவர்களை ஏற்றிக்கொண்ட கப்பலின் பெயரைச் சொன்னபோது மாமா நம்பவில்லை. போனில் எழுதிக் காட்டினேன்: மங்கள் தேசாய். இந்தியக் கொடி பறந்த சரக்குக் கப்பல். 1959-இல் செயின்ட் லாரன்ஸ் நீர்வழி திறந்ததிலிருந்து கடல் கப்பல்கள் கண்டத்தின் நடு வரைக்கும் வரும். அப்படி வந்த ஒன்று, பக்கத்தில் இருந்து, அத்தனை பேரையும் காப்பாற்றியது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

"நம்ம கப்பலா!" என்று மாமா எழுந்து நின்று ஏரியைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேல் கழித்து, கப்பல் கிளம்பிப் போன திசையில் கை காட்டாத குறை.

மெஸ்கீட்டை மீட்க முடியவில்லை. குளிர்காலப் புயல்கள் பாறையில் வைத்தே அதை நொறுக்கின. அடுத்த ஜூலையில் கீஸ்டோன் விரிகுடாவுக்கு இழுத்துப்போய், முக்குளிப்பவர்கள் பார்ப்பதற்காக நூறு அடிக்கும் கீழே வைத்துவிட்டார்கள். நன்னீர் என்பதால் இரும்பு அப்படியே இருக்கிறதாம். சீமைக் கருவேலத்தைப் பிடுங்கியாயிற்று என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. அந்த இடத்தில் சரியாக இருக்காது.

இரவுத் தங்கல் பற்றி: நாங்கள் முன்பணம் கட்டிய அறையை வேறு யாருக்கோ கொடுத்திருந்தார்கள். விடுதியின் பெயர் வேண்டாம். பின்கட்டில் ஒரு சின்ன அறை தந்தார்கள். ஹீட்டர் இரவெல்லாம் டீசல் இன்ஜின் மாதிரி அதிர்ந்தது. மாமா மட்டும் நன்றாகத் தூங்கினார்.

நாள் 3: காப்பர் ஹார்பர் – மேக்கினா

முழு நாளும் காடு, காடு, காடு. எழுத ஒன்றும் இல்லை. காரில் சீர்காழி ஓடினார், தூங்கினார், திரும்ப ஓடினார்.

மாலையில் மேக்கினா பாலம். ஐந்து மைல். நடு லேனில் தார் இல்லை, இரும்புக் கம்பிவலை. அதன் வழியே கீழே தண்ணீர் தெரியும். நான் ஓரத்து லேனுக்கு மாறிக்கொண்டேன், மாமா கண்டுகொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

பாலத்தைத் தாண்டிய ஊரில் பழைய மேக்கினா என்ற பெரிய பனியுடைப்புக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது 2006 ஜூன் 10 அன்று ஓய்வு பெற்றது. அன்றே அதே பெயரில் புதுக் கப்பல் பணியில் சேர்ந்தது. புதியது 240 அடி. பனியும் உடைக்கும், மிதவையும் போடும். அதாவது இரண்டு வேலைக்கு ஒரே ஆள். எந்த ஊர் அலுவலகத்திலும் நடப்பதுதான். அகேஷியா வீட்டுக்கு அனுப்பப்பட்டது அதற்கு மூன்று நாள் முன்பு, ஜூன் 7.

நாள் 4: ஷார்லவாய்

ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டோம். பூத்தொட்டி வைத்த தெரு, பாய்மரப் படகு, ஐஸ்க்ரீம் கடை. நடுவில் ஒரு தூக்குப் பாலம். அரை மணிக்கு ஒருமுறை திறக்கிறது. ஊரே நின்று காத்திருக்கிறது, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அந்தக் கால்வாய்க்குள் போனால் ரவுண்ட் லேக் என்ற சின்னக் குட்டை மாதிரியான துறை. மிதவைக் கப்பல்கள் வரிசையாகக் குடியிருந்த இடம். முதலில் சன்டியூ. அது டுலூத்துக்கு மாற்றலாகிப் போக, மெஸ்கீட். மெஸ்கீட் போக, 1990-இல் கிராண்ட் ஹேவனிலிருந்து அகேஷியா.

ஆக, நம் ஊரில் கருவேலத்தின் இடத்தைச் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. இங்கே சீமைக் கருவேலம் போன இடத்தில் கருவேலம் வந்து உட்கார்ந்தது. முந்தாநாள் சொல்லாமல் விட்டதை இன்று சொன்னேன். மாமா ஐஸ்க்ரீமைத் துடைத்துக்கொண்டே, "நியாயம்தான்" என்றார்.

அகேஷியாவின் இடம் மட்டுமல்ல, பெயரும் இன்னொருவருடையது. முதல் அகேஷியா 1919-இல் ராணுவத்துக்குக் கண்ணிவெடி விதைக்கக் கட்டிய கப்பல். பிறகு கலங்கரை விளக்குத் துறைக்கு வந்தது. 1942 மார்ச் 15 அன்று கரீபியன் கடலில் யு-161 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி அதைச் சுட்டு மூழ்கடித்தது. அதன் நினைவாகத்தான் திஸில் என்ற பெயரை அழித்து அகேஷியா என்று எழுதினார்கள். மூழ்கிய ஒரு கப்பலின் பெயர், உடைந்த ஒரு கப்பலின் துறை. அந்த இரண்டிலும் ஆள் யாரும் சாகவில்லை என்பது மாமாவுக்குப் பெரிய ஆறுதல். "நல்ல ராசிக்காரப் பேரு" என்றார்.

ஆனால் இந்த ஊரின் பெரிய கதை சன்டியூவுடையது. 1958 நவம்பர் 18. கார்ல் டி. பிராட்லி, 639 அடிச் சுண்ணாம்புக்கல் கப்பல், மிச்சிகன் ஏரிப் புயலில் இரண்டாக உடைந்தது. 35 பேர். அந்த நேரத்தில் ஏரியிலிருந்து எல்லாரும் கரைக்கு ஓடிவருகிறார்கள். சன்டியூ இந்தச் சின்னக் கால்வாய் வழியாக வெளியே போனது. 180 அடிக் கப்பல். மிதவை தூக்குவதற்காகவே தளத்தைத் தாழ்வாக வைத்துக் கட்டியது. கால்வாயின் வாயில் நின்று பார்த்தால்தான் அது என்ன காரியம் என்று தெரியும். இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர், நடுவில் ஒரு தெரு அகலம். மறுநாள் காலை ஒரு மிதப்புப் பலகையில் இரண்டு பேரை உயிரோடு கண்டெடுத்தார்கள். பதினைந்து மணி நேரம் அதில் கிடந்திருக்கிறார்கள். முதலில் நான்கு பேர் அதில் இருந்தார்கள். மீதி 33 பேரும் போய்விட்டார்கள். அவர்களில் 23 பேர் ரோஜர்ஸ் சிட்டி என்ற ஒரே சின்ன ஊர்க்காரர்கள்.

மாமா கால்வாய்ச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். பாலம் திறந்தது. ஒரு பாய்மரப் படகு போனது. பாலம் மூடியது.

நாள் 5: மானிஸ்டீ

காலையில் கிளம்பி, செர்ரித் தோட்டங்கள் வழியாக இரண்டேகால் மணி நேரம். நெடுஞ்சாலையோரமே ஏரித்துறை. முதலில் கண்ணில் படுவது சிட்டி ஆஃப் மில்வாக்கி என்ற பழைய ரயில் பெட்டி ஏற்றும் கப்பல். அதற்குப் பக்கத்தில், தலை குனிந்த பிள்ளை மாதிரி, கறுப்பு உடம்போடு அகேஷியா.

கடலோரக் காவல் படையின் ரோந்துக் கப்பல்கள் வெள்ளை, பனியுடைப்பவை சிவப்பு, மிதவைக் கப்பல்கள் கறுப்பு. மாமாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "சங்கிலி உரசுற உடம்புக்கு வெள்ளையடிச்சா யாரு தெனமும் பெயின்ட் அடிக்கது?"

சுற்றிக்காட்ட வந்தவர் எழுபது வயதைத் தாண்டிய தன்னார்வலர். "பூயி" என்றார். மாமா "பாய்" என்றார். இரண்டு பேரும் ஒரே மிதவையைத்தான் சொல்கிறார்கள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. அதற்கப்புறம் நான் தேவைப்படவில்லை. மொழிபெயர்க்கப் போனால், "இருங்க மாப்ள" என்று கையமர்த்தினார்.

முன்தளம்தான் இந்தக் கப்பலின் உயிர். மற்ற கப்பலில் முன்பக்கம் உயர்ந்து அழகாக இருக்கும். இதில் நடுவே தாழ்ந்து, களத்துமேடு மாதிரி விரிந்து கிடக்கிறது. மேலே 20 டன் தூக்கும் பாரக்கை. பக்கச் சுவரில் இடைவெளி. அதன் ஓரத்தில் சங்கிலியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புத் தாடை. மாமா குனிந்து அந்தத் தாடையின் உள்பக்கத்தை விரலால் தடவினார். சங்கிலி ஓடி ஓடி அங்கே பள்ளம் விழுந்து, வழவழவென்று இருந்தது. அம்மிக்கல்லில் விழுமே, அந்த மாதிரி.

வேலை இப்படி. கப்பல் மெதுவாக மிதவையின் பக்கம் ஒட்டும். ஒருவன் எட்டிக் கொக்கி மாட்டுவான். பாரக்கை தூக்கும். விளக்கு வைத்த பெரிய மிதவை எட்டு அடி அகலம், இருபத்தாறு அடி உயரம். அது தண்ணீரை விட்டு வெளியே வந்து ஊசலாடும் நேரம்தான் உயிரெடுக்கும் நேரம். அதைத் தளத்தில் படுக்கவைத்துக் கட்டிப்போட்டு, கீழே தொங்கும் சங்கிலியைத் தாடையில் கவ்வவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, கடைசியில் ஏரித்தரையில் கிடக்கும் கான்கிரீட் கட்டியை மேலே கொண்டுவர வேண்டும். சங்கிலியில் எல்லா இடமும் ஒரே மாதிரி தேயாது. தரையைத் தொட்டுத் தொட்டு எழும் பாகம்தான் அதிகம் தேயும். அங்கே வளையத்தை அளந்து பார்த்து, மெலிந்திருந்தால் வெட்டிப் புதுச் சங்கிலி கோக்க வேண்டும். கோக்கும் சாக்கிள் என்ற இரும்புக் கொளுவியின் ஆணியைப் பழுக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து, தலை மழுங்கவைத்து, கழலாமல் பண்ணுவார்கள். இதற்கு இவர்கள் வைத்த பெயர் "ஹீட் அண்ட் பீட்". சுடு, அடி. பெரியவர் சொன்னதும் மாமா இல்லாத சம்மட்டியை ஓங்கிக் காட்டினார். இவரும் ஓங்கினார். எழுபது வயதுக்காரர்கள் இரண்டு பேர் கப்பல் தளத்தில் மாறி மாறிக் காற்றை அடித்ததை அங்கிருந்த ஒரு குழந்தை வாய் பிளந்து பார்த்தது.

கொட்டலசு இல்லை என்று மாமா முதல் நாள் பொறாமைப்பட்டாரே, அதற்கும் பதில் கிடைத்தது. எண்பதுகளின் கடைசியில் வெளிநாட்டுக் கப்பல்கள் பாரத்துக்காக வயிற்றில் நிரப்பிவரும் தண்ணீரோடு வரிச்சிப்பி வந்து சேர்ந்தது. விரல்நகம் அளவு. சங்கிலி, மிதவை, குழாய் என்று ஒன்றையும் விடாமல் கொத்துக் கொத்தாக அப்பிக்கொள்ளும். சுரண்டிச் சுரண்டித் தளமெல்லாம் நாறும். "கடவுள் எல்லாருக்கும் ஒண்ணு வச்சிருக்கார்" என்றார் மாமா, திருப்தியோடு.

கீழே இறங்கினால் இன்ஜின் அறை. இரண்டு டீசல் இன்ஜின். அவை நேராகப் புரொப்பல்லரைச் சுற்றுவதில்லை. மின்சாரம் உண்டாக்குகின்றன, அந்த மின்சாரத்தில் ஒரு பெரிய மோட்டார் சுற்றுகிறது. 1,200 குதிரைத்திறன், ஒரே புரொப்பல்லர். ஏன் இந்தச் சுற்றுவழி? மிதவை பக்கத்தில் ஒட்டும்போது கப்பலை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். பனியை உடைக்கும்போது சட்டென்று முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். மோட்டார் என்றால் அது சுலபம். வேகம் மணிக்கு 13 கடல்மைல்தான். இந்த வேலைக்கு வேகம் எதற்கு?

மாலுமி அறையில் ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்குப் படுக்கை. திரும்பிப் படுத்தால் மேலே இருப்பவன் முதுகு இடிக்கும். அடுப்படியில் இன்னும் பெரிய கெட்டில். மேலே மாலுமி மாடத்தில், மிதவையைத் திரும்பச் சரியான இடத்தில் வைக்கப் பழைய காலத்தில் பயன்படுத்திய முறையைப் பெரியவர் விளக்கினார். செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால், இரண்டு பேர் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் படுக்கவைத்துப் பிடித்து, கரையில் தெரியும் கோபுரம், புகைபோக்கி, விளக்கு இவற்றுக்கு நடுவிலுள்ள கோணத்தை அளந்து கூவ, மூன்றாவது ஆள் மூன்று கை வைத்த ஒரு கோணமானியை வரைபடத்தில் வைத்து இடத்தைப் பிடிப்பான். சரி என்றதும் ஒரு கத்தல், சம்மட்டி அடி, தாடை திறக்கும், கான்கிரீட் கட்டி சங்கிலியை இழுத்துக்கொண்டு தடதடவென்று இறங்கும்.

"அந்தச் சத்தம்" என்றார் மாமா. அதற்குமேல் சொல்லவில்லை. பெரியவர் தலையாட்டினார். தமிழில் சொன்னது அவருக்கு எப்படிப் புரிந்தது என்று நான் கேட்கவில்லை.

இப்படி, 1944 முதல் 2006 வரை, பெரும்பாலும் இந்த ஏரிகளிலேயே. 180 அடிக் குடும்பத்தில் கடைசியாக வேலையை விட்டது இதுதான். கூடப்பிறந்தவை எங்கெங்கோ போயின. ஸ்பாரும் பிராம்பிளும், ஸ்டோரிஸ் என்ற வேறு வகைக் கப்பலோடு சேர்ந்து, 1957-இல் வட துருவப் பனிக்கடல் வழியே வட அமெரிக்கக் கண்டத்தைச் சுற்றி வந்தன. வுட்ரஷ் 1975-இல் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற சரக்குக் கப்பல் மூழ்கிய இரவில் டுலூத்திலிருந்து தேடப் போனது. பின்னாளில் கானா நாட்டுக் கடற்படைக்குப் போய்ச் சேர்ந்தது. எல்லா முள்ளுக்கும் நல்ல ராசி வாய்க்கவில்லை. 1980 ஜனவரி 28 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பா விரிகுடாவில் பிளாக்தார்ன் ஓர் எண்ணெய்க் கப்பலோடு மோதிக் கவிழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரியவர் அதைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

அகேஷியா மட்டும் செய்தியில் அதிகம் வராத கப்பல். அறுபத்தொரு வருடம் ஒன்பது மாதம். எடுத்தது, வைத்தது, எடுத்தது, வைத்தது. எனக்கு இது கொஞ்சம் சலிப்பாகத்தான் பட்டது, ஒத்துக்கொள்கிறேன். சாகசம் இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவன் நான். மாமாவைப் பார்த்தேன். மனிதர் மூன்று மாதத்தில் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வெளியே வரும் இடத்தில் வருகைப் பதிவேடு. பெயர், ஊர், வேலை பார்த்த கப்பல், வருடம் என்று கட்டம். முன்னாள் மாலுமிகளுக்காக வைத்தது. மற்ற சுற்றுலாக்காரர்கள் மூன்றாவது கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தமிழில், நிதானமாக, நான்கு கட்டத்தையும் நிரப்பினார்.

நாள் 6: லுடிங்டன் – மேனிட்டோவாக்

திரும்பும் வழிக்குக் காரோடு கப்பலேறினோம். எஸ்.எஸ். பேட்ஜர். நிலக்கரி எரித்து நீராவியில் ஓடும் கப்பல். மிச்சிகன் ஏரியைக் குறுக்காகக் கடந்து விஸ்கான்சின் பக்கம் இறக்கிவிடும். அறுபது மைல், நான்கு மணி நேரம். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பியது. எல்லாரும் காபி வரிசையில் நிற்க, மாமா முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல காற்று. வாடை மாதிரி, ஆனால் உப்பு வாசனை இல்லாமல்.

துறைமுக வாயில் நெருங்கியது. வலக்கைப் பக்கம் வடக்குச் சுவரின் முனையில் வெள்ளைக் கலங்கரை விளக்கு, அது பச்சை. இடக்கைப் பக்கம் தெற்குச் சுவர் முனையில் சிவப்பு. மாமா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"மாப்ள, இந்த ஊர்ல இருந்து வெளிய போறப்போ சிவப்பு இடக்கைப் பக்கம் வருது பாத்தீங்களா?"

"ஆமா மாமா."

"நம்ம ஊருக்குள்ள நுழையுற மாதிரியே இருக்கு."